சினிமேட்டிக் முகம்

சினிமேட்டிக் என்ற வார்த்தையை இன்றைக்கும் யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். பிரியாணியைப் பார்த்து ஊறுகிற எச்சில் இல்லை. வாந்தி எடுப்பதற்கு முன்னால் ஊறுமே, அது. மதுரையில் இருந்துகொண்டு அந்த வார்த்தையைக் கேட்காமல் ஒரு வாரம் ஓட்டுவதும் கஷ்டம். காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு என்று எதற்கு மண்டபம் பிடித்தாலும் அடுத்த கேள்வி, "சினிமேட்டிக் யாரு பண்றா?" என்பதுதான்.

அந்த வார்த்தையை எனக்குக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் ஒருத்தர் இருந்தார். பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்கிற ஆள். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஆனையூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்டூடியோ. காலேஜை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான், வீட்டுக்குப் பக்கம் என்று போய்ச் சேர்ந்தேன். எடிட்டிங் வேலை. அவர் எடுத்துக்கொண்டு வருகிற வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, கலர் ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஆள் குறைந்தால் விசேஷ வீட்டுக்கும் போய், வெயிலை முகத்தில் திருப்பி விடுகிற வெள்ளைத் தட்டைப் பிடிக்க வேண்டும். மூன்று வருசம் இருந்தேன். என்னை 'எடிட்டரம்மா' என்று கூப்பிடுவார்.

சேர்ந்த வாரமே அவரிடம் கேட்டுவிட்டேன். "அண்ணே, சினிமேட்டிக் சினிமேட்டிக்குங்கிறீங்களே, அப்டின்னா என்னண்ணே?"

"போன்ல போட்டுப் பாரு" என்றார்.

பார்த்தேன். திரைப்படத்துக்குரிய, திரைப்படம் போன்ற என்று இருந்தது. படித்துக் காட்டினேன். டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அது பரிச்சைக்கு எழுதுறது. நான் சொல்றேன் கேட்டுக்க. பாக்குறவனுக்கு வயிறு எரியணும். நம்ம வீட்டு விசேசம் இப்டி இல்லையேன்னு எரியணும். அதுதான் சினிமேட்டிக்."

நான் அன்றைக்குச் சிரித்தேன். சரியாகத்தானே சொல்கிறார் என்று தோன்றியது. சின்னப் பிள்ளைப் புத்தி.

எங்கள் தொழிலில் வீடியோ ரெண்டு விதம். ஒன்று ட்ரெடிஷனல். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, மேடைக்கு வருகிறவர்களை ஒருத்தர் விடாமல் எடுப்பது. மூணு மணி நேரம் ஓடும். எடுத்த வீட்டுக்காரர்களே முழுசாக உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். இன்னொன்று சினிமேட்டிக். அது மூணே நிமிசம். ஆட்கள் மெதுவாக நடப்பார்கள், முடி மெதுவாகப் பறக்கும், பின்னால் பாட்டு ஓடும். எல்லோரும் ஸ்டேட்டஸில் வைப்பது இதைத்தான்.

வீடியோவோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவர் மனுசர்களையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாசலில் நின்று இடது கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிற ஜனத்தை ஒரு சுற்று பார்ப்பார். யார் சினிமேட்டிக், யார் ட்ரெடிஷனல் என்று அந்த ஒரு பார்வையில் முடிவாகிவிடும். "அந்தப் பச்சைச் சேலைப் பெரியம்மா கொஞ்சம் ட்ரெடிஷனலா இருக்காங்க, பின் வரிசைக்கு அனுப்பிரு" என்பார். கறுப்பாக இருந்தால் ட்ரெடிஷனல். பல் முன்னால் நின்றால் ட்ரெடிஷனல். குண்டு ட்ரெடிஷனல், கிழம் ட்ரெடிஷனல், வேர்த்தால் ட்ரெடிஷனல். அழுதால் மட்டும் அது யார் அழுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பையில் எப்போதும் ஈரத் துடைப்புத்தாள் வைத்திருப்பார். கேட்காமல் கொள்ளாமல் யார் மூஞ்சியையும் துடைத்துவிடுவார். பெண்ணின் அப்பா வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். இவர் போய் அந்த மனுசனுடைய மூக்கு நுனியை, நெற்றியை, காதுக்குப் பின்னால் எல்லாம் துடைத்துவிட்டு அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவார். மேசையைத் துடைக்கிற மாதிரி. அறுபது வயசு ஆள், இத்தனை பேர் முன்னால் அழுக்குத் தாளை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவனியாபுரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரம். மண்டபம் முழுக்க மஞ்சள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. இவர் மைக்கை வாங்கி, "எல்லாருக்கும் வணக்கம். தயவுசெஞ்சு யாரும் அட்சதை போட வேணாம். ஸ்லோமோஷன்ல கொசு மொய்க்கிற மாதிரி தெரியுது. ரோசாப்பூ நாங்களே போடுறோம்" என்றார். மாப்பிள்ளை சரி என்று தலையை ஆட்டிவிட்டான். மேளம் கொட்டியது, தாலி ஏறியது, ஏணியில் நின்று எங்கள் ஆள் ஒருத்தன் கூடையிலிருந்து ரோசா இதழைக் கொட்டினான். முகூர்த்தம் முடிந்து பார்த்தால் ஜனங்கள் அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறார்கள். சிலர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து கையை விரித்துக் காட்டி, "இத எங்க தாயி போடுறது?" என்று கேட்டார். நான் குப்பைக் கூடையைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது?

இவ்வளவையும் சொல்கிறேனே, அந்த ஆளிடம் நல்லது ஒன்றுகூட இல்லையா என்றால், இருந்தது. அதுதான் தலைவலி. எனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தானே கொண்டுபோய்ச் சேர்த்தவர். விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார மாட்டார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சமையல்கட்டில் மாஸ்டரோடு தரையில் உட்கார்ந்து மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவார். யாரையும் வாடா போடா என்று சொல்லமாட்டார். கெட்டவன் என்று ஒதுக்கிவிட முடிகிற ஆளாக இருந்திருந்தால் நான் ஆறே மாசத்தில் ஓடிவந்திருப்பேன். இவர் மனசார நம்பினார். ஜனங்கள் அசிங்கமாக இருக்கிறார்கள், பாவம், நாம்தான் அவர்களை அழகாக்கிக் கொடுக்கிறோம் என்று நம்பினார். இதை நினைத்தால்தான் எனக்கு ரொம்பக் குமட்டுகிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். என் வயசுதான் இருக்கும். இடுப்பில் ஒண்ணரை வயசுப் பெண் குழந்தை. குழந்தைக்குக் காதுகுத்து, உசிலம்பட்டிக்கு மேற்கே வீட்டுக்காரருடைய குலதெய்வக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். சினிமேட்டிக் வேண்டும் என்றாள். அண்ணன் வழக்கம்போல, "மேடம், ஒங்க கதையச் சொல்லுங்க" என்றார். வருகிற எல்லோரிடமும் கதை கேட்பார். கதை தெரிந்தால்தான் எதை எடுப்பது என்று தெரியுமாம்.

அவள் கதை சின்னது. அப்பா அம்மா இல்லை. அண்ணன் ஒருத்தர்தான். அவர்தான் வளர்த்தார். இவள் காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. அஞ்சு வருசம் பேச்சு இல்லை. இப்போது காதுகுத்துக்குத் தாம்பாளத்தில் வெத்தலை பாக்கு வைத்து நேரில் போய் நின்றிருக்கிறாள். அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டார்.

"வாரேன்னு சொல்லிருச்சு எங்கண்ணன்" என்றாள். சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு வேற எதுவும் வேணாம்ங்க. அது பாப்பாவ மடியில வச்சிருக்கணும். அந்த ஒரு படம் போதும். வீட்டுல பெருசா மாட்டணும்."

இது எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். சீர் தட்டு, கிடாய், மாலை, மேளம் என்று தாய்மாமன் வந்து இறங்குவதுதான் விசேஷமே. வேறு ஒருத்தன் மடியில் உட்கார வைத்தால், பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி.

எங்கள் அண்ணன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். "சூப்பர் மேடம். செம எமோஷன். செம சினிமேட்டிக்" என்றார்.

விசேஷத்தன்று நானும் போயிருந்தேன். காலையிலேயே வெயில் கொளுத்தியது. தூரத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு ஓடினாள். கரட்டுக் குன்றுப் பக்கமிருந்து முப்பது நாப்பது பேர் தட்டுகளோடு வந்தார்கள். முன்னால் அவளுடைய அண்ணன்காரர், தோளில் கிடாயைப் போட்டுக்கொண்டு.

நல்ல கறுப்பு. ஒல்லி உடம்பு. மானாவாரிக் காட்டில் உழைக்கிற உடம்பு. கிளிப்பச்சைக் கலரில் புதுச்சட்டை, மடிப்புக்கூடக் கலையாமல். வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. சோளத்தட்டை அறுக்கும்போது குத்திவிட்டதாம், பின்னால் தெரிந்தது. வெள்ளையாக, கோலிக்குண்டு மாதிரி இருந்தது அந்தக் கண். கிடாயை இறக்கிவிட்டுத் தங்கச்சியைப் பார்த்தார். அவர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "மெலிஞ்சிருக்க" என்று தங்கச்சியிடம் சொன்னார்.

நான் எங்கள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கேமரா கீழே தொங்கியது.

"எடிட்டரம்மா, போச்சு" என்றார் மெதுவாக. "படு ட்ரெடிஷனல்."

காது குத்தினார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை மாமன் மடியில் துள்ளித் துள்ளி அழுதது. அவர் ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சு தாயி, ஆச்சு, மாமன் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நல்ல கண்ணிலிருந்தும் பூ விழுந்த கண்ணிலிருந்தும் ஒரே மாதிரி தண்ணி வழிந்தது. எங்கள் அண்ணன் கேமராவை அவர் முகத்துக்கு உயர்த்தவே இல்லை. ஊசி, காது, கை, தோடு. இவ்வளவுதான் எடுத்தார். ட்ரெடிஷனல் கேமராக்காரன் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தான். அவனுடைய கேமராவில் பதிந்ததெல்லாம் எங்கள் அண்ணனுடைய முதுகு.

மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் உட்காரவில்லை. எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பரிமாறினார். அந்த நேரம் பார்த்து எங்கள் அண்ணன், அந்தப் பெண்ணின் வீட்டுக்காரனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், ஒங்க ஃப்ரெண்டு ஒருத்தர் தாடி வச்சு, வெள்ளை வேட்டி சட்டையில இருக்காரே, ஜிம் பாடி. அவர் மடியில பாப்பாவ வச்சுப் பக்கத்துத் தென்னந்தோப்புல ரெண்டே ரெண்டு ஷாட் எடுத்துக்கிறேன்."

வீட்டுக்காரன் யோசித்தான். "மச்சான் இருக்காரேண்ணே."

"மச்சான் மடியிலதான் சார் குத்தியாச்சு. சாங்கியம் முடிஞ்சிருச்சு. இது சினிமேட்டிக்குக்கு."

அந்தப் பெண் வந்து கேட்டாள். "எதுக்குங்க? எங்கண்ணன் மடியில இருக்கத நீங்க எடுத்தீங்கள்ல?"

"எடுத்தாச்சு மேடம், சூப்பரா எடுத்தாச்சு. இது சும்மா லைட்டிங்குக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெண், என்னிடம் உண்மை வரும் என்று பார்த்தாள். நான் கையிலிருந்த வெள்ளைத் தட்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வெட்டி ஒட்டியதும் நான்தான். மாமன் சீர் கொண்டுவருகிற கால்கள், தூசி, தப்படிக்கிற கை, ஆசாரி ஊசி. அதோடு தாடிக்காரன் மடியில் குழந்தை சிரிக்கிறது. பாட்டு உச்சத்துக்குப் போகிற இடம் அதுதான். அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அந்த எடத்துல 'தாய்மாமன்'னு எழுத்துப் போடு. தங்கக் கலர்ல" என்றார்.

"அண்ணே, அவர் தாய்மாமன் இல்லண்ணே."

"அவர்னு யார் சொன்னா? அது ஃபீலிங். பாக்குறவன் சேத்துக்குவான்."

நான் போட்டேன். தங்கக் கலரில், தாடிக்காரன் நெஞ்சுக்கு நேராக, தாய்மாமன் என்று. சம்பளம் வாங்குகிறேன், செய்கிறேன் என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அந்தக் கையைப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். "அந்தத் தாய்மாமன் வீடியோ மாதிரியே வேணும்" என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரெண்டாவது வாரம் அந்த அண்ணன்காரர் வந்தார். அதே கிளிப்பச்சைச் சட்டை. மாடி ஏறி வந்து செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார்.

"காதுகுத்து வீடியோ இங்கதானம்மா?"

"ஆமாங்கண்ணே. ஒக்காருங்க."

உட்காரவில்லை. "சந்தையில ஒரு பய காமிச்சான். ஒன் தங்கச்சிக்கு ஒன்னய விட்டா வேற அண்ணன் இருக்கானாங்கிறான். நான் வீடியோவுல தப்பாருக்கும்னேன். முழுசா இருக்கும்ல? அதக் காமிங்க."

எங்கள் அண்ணன் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ சொன்னார். அவ்வளவு மரியாதையாக. "அண்ணே, நீங்க ட்ரெடிஷனல்ல இருக்கீங்கண்ணே. நெறைய இருக்கீங்க. பந்தி பரிமாறுறது முழுசா இருக்கு. இது வேற. இது சினிமேட்டிக்."

"அப்டின்னா?"

பார்க்கிறவனுக்கு வயிறு எரியணும் என்று என்னிடம் சொன்னவர், வயிறு எரிந்துகொண்டு நிற்கிற மனுசனிடம் அதைச் சொல்ல முடியுமா? "சினிமா மாதிரிண்ணே" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பாவ மடியில வச்சிருந்தேனேம்மா. அதாச்சும் இருக்கா?"

நான் ஹார்டு டிஸ்கை மாட்டித் தேடினேன். அன்றைக்கு எடுத்தது அத்தனையும் ஓட்டினேன். காது இருந்தது. ஊசி இருந்தது. குழந்தையின் தலையைப் பிடித்திருக்கிற ரெண்டு கறுத்த கை இருந்தது. மடியில் குழந்தையோடு அவர் முகம் எங்கேயும் இல்லை. அவர் திரையில் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன்னுடைய கையைப் பார்த்தார்.

"நான் வந்தேன்லம்மா?" என்று கேட்டார். சாட்சி கேட்கிற மாதிரி.

"வந்தீங்கண்ணே" என்றேன். டீ வருவதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நாள் தங்கச்சிக்காரி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அண்ணன் போன் எடுக்க மாட்டேங்குது, அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றாள். குழந்தை அந்தத் தாடிக்காரனைப் பார்த்தால் மாமா மாமா என்கிறதாம். எங்கள் அண்ணன் நெஞ்சில் கைவைத்து வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதைத்தான் சகிக்க முடியவில்லை. "மேடம், எடுத்தா எல்லாருக்கும் நஷ்டம். ஒங்க அண்ணனக் கூட்டிட்டு வாங்க. காசு வேணாம். ரீடேக் எடுத்துருவோம். அவரையே ஹீரோவாக்கிக் காட்டுறேன்."

அவள் போய் எப்படிக் காலில் விழுந்தாளோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்துவிட்டார். ஆனையூருக்கு வெளியே ரோட்டோரம் ஒரு மாந்தோப்பு. சாயங்கால வெயில். எங்கள் லைட்மேன் வேட்டி கட்டிக்கொண்டு ஆசாரி வேசத்தில் ஊசியோடு உட்கார்ந்திருந்தான். குழந்தையின் தோட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். குத்தின காதையே மறுபடி குத்துகிற மாதிரி நடிக்கிற இந்தக் கண்றாவியை உலகத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. அவருக்கு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டார். முகத்தில் பவுடர் அடித்தார்கள், காட்டினார். தங்கச்சிக்காக எல்லாவற்றுக்கும் உட்பட்டு உட்கார்ந்திருந்தார். நடுநடுவே குழந்தைக்குக் கையால் விசிறிவிட்டார். குழந்தை அன்றைக்கு அழவில்லை. அவர் மடியிலேயே சாய்ந்துகொண்டு அவர் சட்டைப் பித்தானைத் திருகியது. அவருக்கு முகமே மாறிவிட்டது. அதைப் பார்த்து நானும், சரி, ஏதோ நல்லபடியாக முடிந்துவிடும்போல என்று நினைத்தேன்.

எங்கள் அண்ணன் கேமராவில் பார்த்துவிட்டு வந்தார். பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தார். அவரிடம் நேராகக் கொடுக்கவில்லை. கெட்டிக்காரர். தங்கச்சியிடம் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார்.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாட்டேன் என்று சொல்லிவிடு, தூக்கி எறி என்று நான் மனசுக்குள் கத்தினேன். வாயைத் திறக்கவில்லை.

"அண்ணே" என்றாள். "இதக் கொஞ்சம் போட்டுக்கண்ணே. பாக்க நல்லாருக்கும்."

அவர் தங்கச்சியையே பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"ஒனக்குமா ஆத்தா?" என்றார்.

அவள் தலை குனிந்துகொண்டாள். அவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். ரெண்டு ஷாட் எடுத்தோம். குழந்தை கண்ணாடியைப் பார்த்து மிரண்டு, அவர் மடியிலிருந்து இறங்கப் பார்த்தது. எங்கள் அண்ணன் திரையைக் கொண்டுவந்து அவருக்குக் காட்டினார். "பாருங்கண்ணே. எப்டி இருக்கீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

கண்ணாடியைக் கழற்றி எங்கள் அண்ணன் கையில் கொடுத்தார். வெள்ளைச் சட்டையையும் கழற்றி மடித்துக் கொடுத்தார். தன் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். தங்கச்சி பின்னாலேயே போனாள். "அண்ணே, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போண்ணே. பாப்பாவுக்கு ஒருவாய் ஊட்டிட்டுப் போண்ணே."

எங்கள் ஊரில் யாரும் கிளம்பும்போது போறேன் என்று சொல்ல மாட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவன்கூட வாரேன் என்றுதான் சொல்வான். போறேன் என்றால் திரும்பி வரமாட்டேன் என்று அர்த்தம்.

அவர் திரும்பி நின்று, "நீ நல்லாரு. நான் போறேன்" என்றார்.

டவுன் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். அவள் ரோட்டோரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் போன பக்கம் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கழற்றின தோடு குழந்தையின் காதில் இன்னும் ஏறவில்லை. வெயில் மஞ்சளாக இறங்கியது.

என் தோளை யாரோ தட்டினார்கள். எங்கள் அண்ணன். கேமராவைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார். கண்ணெல்லாம் பளபளக்க, கிசுகிசுவென்று, "எடிட்டரம்மா, அசையாம தட்டத் திருப்பு. மேடம் மொகத்துல லைட் விழட்டும். இந்த மாதிரி காசு குடுத்தாலும் கெடைக்காது" என்றார்.

திருப்பினேன். பழகின கை, சொன்னதும் திரும்பிவிட்டது. வெளிச்சம் அவள் முகத்தில் போய் விழுந்தது, கண்ணீர் மின்னியது, அவள் கண் கூசித் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகும் எட்டு மாசம் அங்கே வேலை பார்த்தேன். அந்த வீடியோவை மறுபடி வெட்டி ஒட்டிக் கொடுத்ததும் நான்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட அண்ணன் மடியில் குழந்தை, அதற்கு அடுத்து தங்கச்சியின் கண்ணீர். பாசத்தில் பொங்கின ஆனந்தக் கண்ணீர் என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அவள் திரும்பி எங்களைப் பார்த்ததை மட்டும் வெட்டிவிட்டேன். எங்கள் அண்ணன் சொல்லவில்லை. நானாகத்தான் வெட்டினேன்.